டெங்கு வைரஸுக்கு வால் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் இதழில் வந்த மழைக்காலக் காய்ச்சல் கட்டுரையைப் படித்தேன். தண்ணீர்த் தொட்டியை மூடி வைப்பது, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்வது என்று வீட்டில் உடனே செய்யக்கூடியதை எல்லாம் தெளிவாகச் சொல்லியிருந்தீர்கள். ஆனால் டெங்கு, டைபாய்டு, மலேரியா, எலிக்காய்ச்சல் நான்கையும் பாக்டீரியாவால் வருபவை என்று ஒரே வரியில் சேர்த்துவிட்டீர்கள். டெங்கு பத்திக்குப் பக்கத்தில் போட்டிருந்த படத்தில் இருந்ததும் நீள உடம்பும் சுற்றிலும் வால் போன்ற இழைகளும் கொண்ட பாக்டீரியாதான். நுண்ணுயிரியல் லேப்பில் வேலை பார்க்கிற என்னால் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

இந்த நான்கில் டைபாய்டும் எலிக்காய்ச்சலும் மட்டுமே பாக்டீரியாவால் வருகின்றன. டெங்குவுக்குக் காரணம் வைரஸ். மலேரியாவை உண்டாக்கும் பிளாஸ்மோடியம், ஒரே செல்லால் ஆனதுதான் என்றாலும், நம் செல்லில் இருப்பது போலவே உட்கரு உள்ள ஒட்டுண்ணி. வகை மாறினால் மருந்தும் மாறும். அதனால்தான் இதைச் சின்னப் பிழை என்று விட மனம் வரவில்லை.

பாக்டீரியாவுக்கு உட்கரு கிடையாது. டிஎன்ஏ செல்லுக்குள்ளேயே சுருண்டு கிடக்கும். சுற்றி ஒரு மெல்லிய சவ்வு, அதற்கு வெளியே செல்சுவர். பெப்டிடோகிளைகான் என்ற பொருளால் பின்னிய வலை மாதிரியான சுவர் அது. செல்லுக்குள் அழுத்தம் அதிகம். சுவர் தாங்கவில்லை என்றால் தண்ணீர் உள்ளே ஏறி வெடித்துவிடும். பென்சிலின் இந்தச் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கிறது. நம் செல்லுக்குச் சுவரே இல்லாததால் பென்சிலின் அதைத் தொடுவதில்லை.

இந்தச் சுவரின் வித்தியாசத்தை நாங்கள் தினமும் கண்ணால் பார்க்கிறோம். சீழையோ சிறுநீரையோ ஸ்லைடில் தடவிக் காயவைத்து, தீயில் லேசாகக் காட்டி, கிரிஸ்டல் வயலட் என்ற ஊதாச் சாயம் விடுவோம். அப்புறம் அயோடின். ஆல்கஹாலில் சில நொடி கழுவி, கடைசியாகச் சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயம். சுவர் தடிமனான பாக்டீரியா கழுவினாலும் ஊதாவாகவே நிற்கும். சுவர் மெல்லியதாக இருந்து வெளியே இன்னொரு சவ்வும் இருந்தால், ஊதா போய் இளஞ்சிவப்பு ஏறும். டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-இல் வெளியிட்ட முறை இது. சீழில் ஊதா நிற உருண்டைகள் கொத்துக் கொத்தாகத் தெரிந்தால் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா என்று சந்தேகப்படலாம். பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையின் ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை மருத்துவருக்கு இந்த நிறம்தான் வழிகாட்டி.

சுவரைத் தொடாத ஆன்டிபயாடிக்குகளும் உண்டு. எலிக்காய்ச்சலுக்குத் தரும் டாக்சிசைக்ளின், பாக்டீரியா புரதம் செய்யும் ரைபோசோமைப் பிடித்துக்கொள்கிறது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2009-இல் நோபல் பரிசை மற்ற இருவருடன் பகிர்ந்துகொண்டது இந்த ரைபோசோமின் அமைப்பை ஆராய்ந்ததற்காகத்தான். பள்ளி மாணவர்களுக்கு அவர் பெயர் தெரியும். அவர் ஆராய்ந்த பொருளுக்கும் வீட்டில் இருக்கிற மாத்திரைக்கும் உள்ள தொடர்பை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

சரி, டெங்கு வைரஸிடம் இதில் என்ன இருக்கிறது? சுவர் இல்லை, ரைபோசோம் இல்லை, வாலும் இல்லை. கொஞ்சம் ஆர்என்ஏ, அதை மூடிய புரத உறை, அதற்கு மேல் கொழுப்புச் சவ்வும் புரதமும், அவ்வளவுதான். குறுக்களவு சுமார் 50 நானோமீட்டர். எங்கள் சாதாரண மைக்ரோஸ்கோப்பில் அது தெரியவே தெரியாது. ரத்தத்தில் அந்த வைரஸின் என்எஸ்1 என்ற புரதமோ, அதற்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளோ இருக்கிறதா என்றுதான் பார்க்கிறோம். நீங்கள் போட்ட படம் டைபாய்டு பாக்டீரியாவுக்கு வேண்டுமானால் பொருந்தும்.

காய்ச்சல் வந்ததும் மருந்துக்கடையில் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்பவர்கள் எங்கள் ஊரில் ஏராளம். டைபாய்டுக்கு மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கும் அதே மாத்திரை டெங்குவை ஒன்றும் செய்யாது. உடம்பில் இருக்கும் மற்ற பாக்டீரியாக்களில் மருந்துக்கு மசியாதவை பிழைத்துப் பெருகத்தான் அது வழி செய்யும். அவற்றில் பல, அந்த எதிர்ப்புத் திறனைப் பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையம் மூலம் பக்கத்துப் பாக்டீரியாவுக்கும் கொடுத்துவிடும்.

அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுங்கள். எந்தக் காய்ச்சல் எந்த வகை நுண்ணுயிரியால் வருகிறது என்று ஒரு சிறு கட்டம் போட்டால் மாணவர்களுக்கும் உதவும். கூடவே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ரத்த கல்ச்சர் எடுக்க வேண்டுமானால் முதல் ஆன்டிபயாடிக் மாத்திரைக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். இரண்டு நாள் மாத்திரை போட்டுவிட்டு வருகிறவர்களின் ரத்தத்தில், டைபாய்டே இருந்தாலும், பல நேரம் எங்களுக்கு எதுவும் வளருவதில்லை.

இப்படிக்கு,
ஆய்வக நுட்புநர் ஒருவர்,
தஞ்சாவூர்.