18 வேண்டாம், 16 போதும்

அன்புள்ள சேகருக்கு,

மகளுக்கு வேலை கிடைத்ததை ஒரே வரியில் சொல்லிவிட்டு, டயர் வீங்கியதை இரண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கிறாய், நீ மாறவே இல்லை. அவளுக்கு என் வாழ்த்தைச் சொல், முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு டயர் வாங்கித் தரச் சொன்னேன் என்றும் சொல். இங்கே எல்லாரும் நலம். ஒர்க்‌ஷாப்பை ஆளிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் இருக்கிறேன், முழங்கால்தான் அவ்வப்போது தகராறு செய்கிறது. டாக்டர் நடக்கச் சொல்கிறார், நடக்கிறேன், வலியும் கூடவே நடந்து வருகிறது. உன் அம்மா பின்சீட்டில் உட்கார்ந்தால் ஒவ்வொரு பள்ளமும் இடுப்பில் இறங்குகிறது என்று சொன்னதாக எழுதியிருந்தாய் அல்லவா, காரின் 17 அங்குல ரிம்மை 16-க்கு இறக்கலாமா, உன் பையன் கேட்கிற மாதிரி 18-க்கு ஏற்றலாமா என்று நீ கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

முதலில் அவசரமானது. வீங்கிய டயரைக் கழற்றி ஸ்டெப்னியைப் போடு, இந்தக் கடிதத்தை முழுசாகப் படிப்பதற்கு முன்னாலேயே. பஞ்சர் ஒட்டுகிற மாதிரி ஏதாவது செய்ய முடியாதா என்று கேட்டிருக்கிறாய், முடியாது. பள்ளத்தின் விளிம்பில் வேகமாக மோதும்போது டயரின் பக்கச்சுவர் அந்த விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே மாட்டி நசுங்குகிறது, உள்ளே ஓடும் நூல்களில் சில அறுந்துபோகின்றன. ரப்பர் கிழியாததால் காற்று இறங்காது. நூல் போன இடத்தில் தாங்க ஆளில்லாமல் ரப்பர் மட்டும் வெளியே புடைக்கிறது, அவ்வளவுதான் விஷயம். எப்போது வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மற்ற டயர்களையும் ஒருமுறை பார்க்கச் சொல், முக்கியமாக வண்டிக்கு உள்பக்கம் இருக்கும் சுவரை, அங்கே புடைத்தால் மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாது. சுவரில் லேசாக உள்வாங்கிய கோடு மாதிரி ஏதாவது தெரிந்தால் பயப்படாதே, உள் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சேரும் இடம் அது, புது டயரிலேயே இருக்கும். வெளியே புடைத்திருந்தால்தான் வில்லங்கம்.

இப்போது சைஸுக்கு வருகிறேன். உன் வண்டியில் இருப்பது 225/45 ஆர்17. இதில் 225 என்பது மில்லிமீட்டரில் அகலம். 45 என்பதையும் மில்லிமீட்டர் என்றுதான் நிறையப் பேர் நினைத்துக்கொள்கிறார்கள், அது சதவீதம், அகலத்தில் 45 சதவீதம் சுவரின் உயரம் என்று அர்த்தம், அதாவது சுமார் 101 மி.மீ. கடைசியில் வரும் 17 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். உன் வண்டியின் குறைந்த விலை மாடலுக்கு 205/55 ஆர்16 வருகிறது என்று நீயே எழுதியிருக்கிறாய், அதன் சுவர் 113 மி.மீ. பையன் ஒற்றைக் காலில் நிற்கும் 225/40 ஆர்18-க்குச் சுவர் 90 மி.மீ. தான். ஆனால் மூன்றின் மொத்த விட்டத்தையும் கணக்குப் போட்டுப் பார், 632-க்கும் 637 மி.மீ.க்கும் இடையில் முடிந்துவிடும். வெளிவட்டம் அப்படியே இருக்க ரிம் மட்டும் பெரிதாகிறது என்றால், அந்த இடம் டயருக்குள் இருந்த காற்றிலிருந்துதான் போகிறது.

16-க்கும் 18-க்கும் சுவரில் 23 மி.மீ. கூட வித்தியாசமில்லையே, இதற்கா இவ்வளவு பேச்சு என்று பையன் கேட்பான். வண்டி சும்மா நிற்கும்போதே அதன் பாரத்தில் டயர் கொஞ்சம் அமுங்கித்தான் இருக்கிறது. பள்ளம் வந்தால் மிச்சம் இருக்கும் உயரத்துக்குள்தான் அடியை வாங்கிச் செரிக்க வேண்டும், அது தீர்ந்த நொடியில் ரிம் இடிக்கும். அந்த மிச்சத்திலிருந்து 23 போவது சின்ன விஷயம் இல்லை. உனக்கு இப்போது வீங்கியது 101 மி.மீ. சுவர் உள்ள டயர், அதே பள்ளத்தில் 90 மி.மீ. சுவரோடு இறங்கியிருந்தால் டயரோடு ரிம்மும் போயிருக்க நிறைய வாய்ப்புண்டு.

1888-இல் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கிய டன்லப், அதை முதலில் செய்தது தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓடத்தான். (அவருக்கு முன்னாலேயே, 1845-இல், தாம்சன் என்பவர் இதே யோசனைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார், அதை எல்லாரும் மறந்துபோயிருந்தார்கள்.) அங்கே அப்பா மகனுக்காகக் காற்றைச் சேர்த்தார், உன் வீட்டில் மகன் அப்பாவிடம் காற்றைக் குறைக்கச் சொல்கிறான்!

விளையாட்டு இருக்கட்டும். கடைக்காரர்கள் அதிகம் பேசாத ஒன்றைச் சொல்கிறேன். வண்டியின் எடையைத் தாங்குவது ரப்பர் இல்லை, உள்ளே அடைபட்டிருக்கும் காற்று. காற்றுக்கு இடம் குறைந்தால் அதே எடையைத் தாங்க அழுத்தத்தைக் கூட்டியாக வேண்டும். டயரில் சைஸுக்குப் பக்கத்தில் 91வி என்று இருக்கும் பார், அந்த 91 பார எண், ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்று அர்த்தம். 'வி' என்பது மணிக்கு 240 கி.மீ. வரை தாங்கும் என்கிற வேகக் குறியீடு. 225/40 ஆர்18-இன் சாதாரண வகைக்குப் பார எண் 88, அதாவது 560 கிலோதான், உன் வண்டிக்குப் போதாது. அதனால் எக்ஸ்எல், அதாவது கூடுதல் பாரம் தாங்கும் வகை, என்று போட்டிருக்கும் 92-ஐத்தான் வாங்க வேண்டியிருக்கும். அது 630 கிலோ தாங்கும், ஆனால் அவ்வளவு தாங்க அதிகக் காற்றழுத்தம் வேண்டும். ஆக சுவரும் குட்டை, காற்றும் கெட்டி. அம்மாவின் இடுப்பை நினைத்துக்கொள்.

எடையும் இருக்கிறது. ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் பாகங்கள், அதாவது வீல், டயர், பிரேக், வீலை மாட்டும் ஹப், இவை எவ்வளவு கனமோ அவ்வளவுக்கு ஷாக் அப்சார்பர் திணறும். ஒரே விதமாக வார்த்த அலாய் (அலுமினியக் கலவை) என்றால் பெரிய ரிம் பெரும்பாலும் கனமானது, கனமும் நடுவிலிருந்து தள்ளி வெளிவட்டத்துக்குப் போய்விடுகிறது, அதைச் சுழற்றவும் நிறுத்தவும் கூடுதல் உழைப்பு. ஃபோர்ஜ்டு ரிம், அதாவது வார்க்காமல் அழுத்தி அடித்துச் செய்தது, எடை குறைவு என்று பையன் இணையத்தில் படித்துவிட்டு வந்து வாதாடுவான். உண்மைதான், விலையைக் கேட்ட பிறகு அந்த வாதம் தானாக நின்றுவிடும்.

இவ்வளவு குறை சொல்கிறேனே, பெரிய ரிம்மில் நல்லதே இல்லையா என்றால் இருக்கிறது. பெரிய பிரேக் டிஸ்க் உள்ளே அடங்கும், குட்டைச் சுவர் வளைவில் அதிகம் நெளியாது, ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் வண்டி சட்டென்று திரும்புகிற மாதிரி இருக்கும். 16-க்கு இறங்கினால் அந்தத் துடிப்பு கொஞ்சம் மழுங்கும், ஒரு வாரத்தில் பழகிவிடும். அகலம் குறைந்தால் பிடிப்பு போய்விடுமே என்று நீ பயப்படுவது பாதிதான் சரி. தரையைத் தொடும் பரப்பு பெரும்பாலும் எடையையும் காற்றழுத்தத்தையும் பொறுத்தது, அகலம் மாறினால் முக்கியமாக அதன் வடிவம்தான் மாறும். அகல டயரில் அது அகலமாகவும் குட்டையாகவும் இருக்கும், ஒல்லி டயரில் நீளமாக இருக்கும். உலர்ந்த சாலையில் அகல டயர் கொஞ்சம் முந்தும். தேங்கிய தண்ணீரில் ஒல்லி டயர்தான் தண்ணீரைப் பிளந்து தரையைப் பிடிக்கும், அகலமானது மிதக்கப் பார்க்கும். பந்தயத்துக்கா போகிறாய்?

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன், 16-க்கு இறங்கு. கம்பெனியே அந்த வண்டிக்குக் கொடுக்கும் சைஸ்களில் உன் பிரேக் உள்ளே அடங்கும் மிகச் சின்ன ரிம் எதுவோ அதுதான் உனக்கு. "பிரேக் உள்ளே அடங்கும்" என்று சொன்னதைக் கவனி. உயர்ந்த மாடலில் சில சமயம் பெரிய டிஸ்க்கும் அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரும் வைத்திருப்பார்கள், 16 அங்குல ரிம் காலிப்பரில் இடிக்கும். வாங்குவதற்கு முன் ஒரு ரிம்மைக் கொண்டுவந்து மாட்டிச் சுற்றிப் பார்த்துவிட வேண்டும், "எல்லாம் சேரும் சார்" என்கிற பேச்சை நம்பாதே. போல்ட் துளைகளின் வட்ட அளவு, நடு ஓட்டையின் அளவு, ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் பொருந்தும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது), மூன்றும் பொருந்த வேண்டும். மூன்றில் ஆஃப்செட்டைத்தான் ஆட்கள் கோட்டைவிடுவார்கள். ரிம் வெளியே தள்ளி நின்றால் பேரிங்குக்குக் கூடுதல் சுமை, ஸ்டீயரிங்கும் பள்ளத்துக்குப் பள்ளம் இழுக்கும். உள்ளே போனால் டயர் சஸ்பென்ஷனில் உரசும். காற்றழுத்த சென்சார் உன் வண்டியில் வீலுக்குள் இருந்தால் அதையும் புது ரிம்முக்கு மாற்றச் சொல், வால்வை மட்டும் போட்டு அனுப்பிவிடுவார்கள், டாஷ்போர்டில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

இன்னொரு ஆசை வரும், இப்போதே தடுத்துவிடுகிறேன். 16 போடுகிறதுதான் போடுகிறோம், 55-க்குப் பதில் 60 போட்டால் சுவர் 123 மி.மீ. ஆகுமே, இன்னும் மெத்தென்று இருக்குமே என்று. இருக்கும். ஆனால் மொத்த விட்டம் 652 மி.மீ. ஆகிவிடும், இப்போது இருப்பதைவிட ஏறத்தாழ 3 சதவீதம் பெரிது. ஸ்பீடோமீட்டர் இப்போது 100 காட்டும் இடத்தில் நிஜத்தில் 3 கி.மீ. கூடப் போய்க்கொண்டிருப்பாய், டயரைச் சுற்றி 9 மி.மீ. இடம் குறையும், முழுசாகத் திருப்பும்போதோ ஆட்கள் நிறைய ஏறும்போதோ உரசலாம். ஸ்டெப்னி வேறு விட்டத்தில் இருந்தால் ஒரே அச்சில் இரண்டு சைஸ் ஓடும். கம்பெனி கையேட்டில் இல்லாத சைஸ் வேண்டாம்.

அலாயா ஸ்டீலா என்றும் கேட்டிருந்தாய். உழைப்பு மட்டும்தான் கணக்கு என்றால் ஸ்டீல். அடிபட்டால் வளையும், தட்டி நிமிர்த்திவிடலாம். வார்ப்பு அலாய் பலமான அடியில் விரிசல் விடும், விரிசலை வெல்டிங் வைத்து ஓட்டுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், என் கடையில் அதைச் செய்ய ஒத்துக்கொண்டதே இல்லை. பையனுக்கு ஏதாவது விட்டுக்கொடுக்க வேண்டுமானால் 16-லேயே நல்ல டிசைனில் அலாய் வாங்கிக் கொடு, சண்டை ஓயும்.

அப்புறம் காற்று. குலுக்கல் குறைய வேண்டும் என்று காற்றைக் குறைத்து ஓட்டுவதாக எழுதியிருந்தாய், அதை இன்றோடு விடு. குறைந்த காற்றில் சுவர் அதிகமாக நெளிந்து சூடாகும், இரண்டு ஓரமும் தேயும், பள்ளத்தில் சுவர் நசுங்குவதும் சுலபமாகும். அந்த வீக்கத்துக்கே இது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் சந்தேகம். ஓட்டுநர் கதவைத் திறந்தால் பக்கத்துத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அழுத்தம் இருக்கும், அதுதான் கணக்கு, டயரின் சுவரில் போட்டிருப்பது அதன் உச்ச வரம்பு மட்டுமே. காலையில் வண்டியை எடுக்கும் முன் பார், வெப்பநிலை 10 டிகிரி மாறினாலே 1.5 பிஎஸ்ஐ அளவுக்கு ஏறி இறங்கும், ஓடிச் சூடானால் இன்னும் கூடும். 16-க்கான அழுத்தம் அதே ஸ்டிக்கரில் தனி வரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

டயர் வாங்கும்போது சுவரில் நான்கு இலக்க எண்ணைத் தேடு. 3523 என்றால் 2023-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம் செய்தது. கடையில் வருஷக்கணக்கில் கிடந்ததைத் தள்ளுபடி என்று நீட்டினால் வாங்காதே. பார எண்ணும் வேகக் குறியீடும் ஸ்டிக்கரில் உள்ளதைவிடக் குறையக் கூடாது, கூடினால் பரவாயில்லை. ஆனால் தேவையில்லாமல் எக்ஸ்எல் வாங்காதே, அதன் சுவர் கொஞ்சம் விறைப்பாகவே இருக்கும். ரன்பிளாட் வேண்டவே வேண்டாம், காற்றில்லாமலே வண்டியைத் தாங்கும்படி சுவரைக் கெட்டியாகச் செய்தது அது, அம்மா ஏறவே மாட்டார்.

இதெல்லாம் செய்தும் பின்பக்கம் தூக்கிப்போட்டால் டயரைத் திட்டாதே, ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறதா, சஸ்பென்ஷன் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ் கிழிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல். உன் வண்டி ஓடியிருக்கும் தூரத்துக்கு அவை தேய்ந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. புது வீல் மாட்டிய கையோடு அலைன்மென்ட் பார்த்துவிடு, நூறு கி.மீ. ஓடியதும் நட்டுகளை ஒருமுறை டார்க் ரெஞ்ச் (முறுக்கின் அளவைக் காட்டும் ஸ்பேனர்) வைத்துச் சரிபார்க்கச் சொல்.

ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பு. கழற்றிய வீலின் உள்பக்கத்தில் 7.5ஜே (அங்குலத்தில் ரிம்மின் அகலம்), ஈடி (ஆஃப்செட்) என்று பொறித்திருப்பார்கள், அதையும் எடு. பார்த்துவிட்டு 16-இல் எந்த ஆஃப்செட் சரியாக இருக்கும் என்று எழுதுகிறேன், அதுவரை யாருக்கும் முன்பணம் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
முரளி