காரை ஓட்டுவது பேட்டரி அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஃபார்முலா 1 பந்தயத்தின் 2026 விதிகளைப் பற்றித் தங்கள் திங்கட்கிழமை விளையாட்டுப் பக்கத்தில் எழுதிய நிருபர், 'இனி காரை ஓட்டப்போவது பேட்டரிதான். ஓட்டுநர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும்' என்று முடித்திருந்தார். மனம் பொறுக்காமல் எழுதுகிறேன்.

மின்மோட்டாரின் திறன் 120 கிலோவாட்டிலிருந்து 350 கிலோவாட்டாக உயர்வதை அவரே குறிப்பிடுகிறார். அத்தனை மின்சாரம் எங்கிருந்து வரும்? ஓட்டுநர் பிரேக் பிடிக்கும்போதும், வளைவுக்கு முன்பே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போதும்தான் பெரும்பாலும் பேட்டரியில் சேர வேண்டும். பாதிச் சுற்றிலேயே வாரி இறைத்துவிட்டால் நேர்ப்பாதையின் கடைசியில் வேகம் விழுந்து, பின்னால் வருபவர் முந்திவிடுவார். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ தளராமல் சுழல உதவிய எம்ஜியு-எச் மோட்டாரும் இனி கிடையாது. வளைவிலிருந்து வெளியேறும்போது அந்தக் குறையை ஈடுகட்ட வேண்டியதும் ஓட்டுநரின் கால்தான்.

கோவையில் கார் பட்டறை வைத்திருக்கிறேன். ஹைபிரிட் கார்களை ஓட்டிப் பார்க்கும்போது, சட்டென்று பிரேக்கை அழுத்தினால் திரையில் சார்ஜ் கொஞ்சம்தான் ஏறும். முன்கூட்டியே மெல்ல அழுத்தினால் கூடுதலாக ஏறும். அதே கார், அதே அவினாசி சாலை. ஓட்டுகிறவர் மாறினால் இருப்பும் மாறுகிறது.

விதி மாறினால் பந்தயத்தின் வரிசையே புரண்டுவிடும் என்பது தாங்கள் அறியாததல்ல. 2009இல் ஹோண்டா கைவிட்ட அணியை ராஸ் பிரான் எடுத்து நடத்தி, இரட்டை டிஃப்யூசரோடு (காரின் பின்பகுதிக்கு அடியில் காற்றை வெளியேற்றி, காரைத் தரையோடு அழுத்தும் பாகம்) இறங்கினார். அந்த அணியின் ஓட்டுநர் ஜென்சன் பட்டன் சாம்பியன் ஆனார். அதைத் தங்கள் இதழில் தேடித்தான் படிக்க வேண்டியிருந்தது. 2014இல் ஹைபிரிட் இன்ஜின் வந்தபோது சத்தம் குறைந்த கதையை மட்டுமே எழுதினீர்கள். அந்த ஆண்டு தொடங்கி மெர்சிடிஸ் தொடர்ந்து 8 முறை அணிகளுக்கான பட்டத்தை வென்றது. ஆறு கார்களே ஓடிய பந்தயம் என்றாலும், 2005இல் இண்டியானாபொலிஸில் நம் நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்து புள்ளி எடுத்ததற்கும் ஒரு மூலைதான் கிடைத்தது. இங்கே செட்டிபாளையத்தில் உள்ள கரி ஸ்பீட்வே பந்தயத் தளத்துக்கு வரும் தங்கள் நிருபர்கள் பரிசளிப்பைப் படமெடுத்ததும் கிளம்பிவிடுகிறார்கள். கார்களைச் சரிபார்க்கும் பிட்டில் எண்ணெய்க் கையோடு நிற்கும் பையன்களிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

பெரிதாக எதையும் கேட்கவில்லை. புதிய கார்களில் முன்னிறக்கையும் பின்னிறக்கையும் நேர்ப்பாதையில் ஒரு நிலையிலும் வளைவில் வேறு நிலையிலும் இருக்கும். அந்த இரண்டு நிலைகளையும் அருகருகே படமாக, அடுத்த திங்கட்கிழமை வெளியிடுங்கள். பழைய காரின் படத்தைப் போட்டுவிட வேண்டாம்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகன்,
சிங்காநல்லூர், கோயம்புத்தூர்.