அண்ணா, அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள்

அன்புள்ள அண்ணா,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பாப்பாவுக்கு வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது, பிள்ளையின் படிப்புக்காகப் பெற்றோர் பெயரில் அமெரிக்க அரசாங்கம் கொடுக்கிற பேரன்ட் பிளஸ் கடனுக்கு உங்கள் பெயரில் விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னீர்கள். பக்கத்தில் பாப்பா சிரிக்கிற சத்தம் கேட்டது. என்னால் வாய் திறக்க முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். இதே படிவத்தை முன்னால் வைத்துக்கொண்டு யோசிக்கிற அப்பா அம்மாக்கள் இங்கே நியூஜெர்சியில் எடிசன் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

செவ்வாய்க்கிழமைகளில் நான், வயதானவர்களுக்கு வீட்டுக்கே உணவு கொடுக்கிற மீல்ஸ் ஆன் வீல்ஸ் அமைப்பின் சாப்பாடு கொண்டுபோவது உங்களுக்குத் தெரியும். 14 வீடுகள். ஒன்பதாவது வீட்டில் ஒரு அம்மா இருக்கிறார், வயது 76. பள்ளிக்கூட கேன்டீனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகிவிட்டார். துணைக்கு டேஸி என்று ஒரு சாம்பல் நிறப் பூனை.

போன பிப்ரவரியில், பனி கொட்டிய ஒரு நாள், கையுறையை அங்கேயே மறந்து வைத்துவிட்டுத் திரும்பிப் போனேன். கதவு தாழிடாமல் இருந்தது. அவர் சிங்க் முன்னால் நின்றுகொண்டிருந்தார். நான் கொடுத்துவிட்டு வந்த தட்டின் மேல்தாளைப் பிரித்து, கோழித்துண்டை எடுத்து, வெந்நீர்க் குழாயில் காட்டி, ஒட்டியிருந்த கிரேவியைக் கழுவினார். கிரேவியில் வெங்காயம் இருக்கும், வெங்காயம் பூனைக்கு ஆகாது. பிறகு நார் நாராகப் பிய்த்து ஒரு சாஸரில் வைத்தார். அவருக்கு மிஞ்சியது கொஞ்சம் பட்டாணி, ஒரு துண்டு ரொட்டி. என்னைப் பார்த்ததும் சாஸரை உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றாரே, அதை என்னால் மறக்க முடியவில்லை.

இது அந்த ஒரு வீட்டுச் சங்கதி இல்லை. கொண்டுவருகிற சாப்பாட்டை வயதானவர்கள் நாய்க்கும் பூனைக்கும் பங்கு போடுவதை இந்த நாடு முழுக்கத் தன்னார்வலர்கள் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் பல கிளைகள் இப்போது செல்லப்பிராணிகளுக்கும் சேர்த்துத் தீவனம் கொண்டுபோகின்றன. ஏழைகளின் சாப்பாட்டுக்காக அரசாங்கம் தரும் ஃபுட் ஸ்டாம்ப் பணத்தில் பூனைத் தீவனம் வாங்க முடியாது. சட்டமே இடம் கொடுப்பதில்லை. ஊரில் அம்மா பூனைக்குப் பால்சோறு வைப்பாள், மீதியை அது எலி பிடித்துத் தேடிக்கொள்ளும். அடுக்குமாடி வீட்டில் அடைந்து கிடக்கிற பூனைக்கு எலி ஏது? இறைச்சி இல்லாவிட்டால் பூனைக்குக் கண்ணும் இதயமும் கெட்டுப்போகும். அது தெரிந்துதான் அந்த அம்மா தன் கோழித்துண்டைக் கொடுத்தார்.

எங்கள் மையத்துக்குத் தீவனம் பெரிய மூட்டையாக வரும். மூட்டையை வயதானவர்களால் தூக்க முடியாது. அதனால் சின்னச் சின்னப் பைகளில் பிரித்துப் போட்டு, வகையையும் காலாவதித் தேதியையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுகிறோம். இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். "சாப்பாடு போதுமா அம்மா?" என்று கேட்டால் எல்லோரும் போதும் என்றுதான் சொல்வார்கள். "டேஸி என்ன சாப்பிட்டாள்?" என்று கேட்டால்தான் வீட்டு நிலைமை தெரியவரும்.

அப்படிக் கேட்டுத்தான் கடன் கதை தெரிந்தது. மகன் கல்லூரிக்குப் போனபோது அந்த அம்மா வாங்கியதும் பேரன்ட் பிளஸ்தான் அண்ணா. பையன் மூன்றாம் வருடத்தில் படிப்பை விட்டுவிட்டான். தவணை தவறியது, வட்டி ஏறியது. பெருந்தொற்று வருவதற்கு முன் சில வருடங்கள் அவருடைய சோஷியல் செக்யூரிட்டி என்கிற அரசு ஓய்வூதியப் பணத்திலிருந்தே மாதாமாதம் பிடித்திருக்கிறார்கள். சட்டப்படி 15 சதவீதம் வரை பிடிக்கலாம். கையில் மாதம் 750 டாலர் மட்டும் விட்டுவைத்தால் போதும். அந்த 750 டாலர் 1996-ல் வைத்த வரம்பு. விலைவாசி எங்கேயோ போய்விட்டது, வரம்பு அசையவில்லை. பத்து வருடத்துக்கு மேல் பழைய கல்விக்கடனுக்கும் இப்படிப் பிடிக்கலாம் என்று 2005-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பெருந்தொற்றின்போது நின்றுபோன இந்தப் பிடித்தத்தை மறுபடி தொடங்குவதை 2025 ஜூனில் அரசாங்கம் தள்ளிப்போட்டது. தள்ளித்தான் போட்டிருக்கிறார்கள், சட்டத்தை எடுத்துவிடவில்லை.

இப்போது உங்கள் விஷயம். பேரன்ட் பிளஸ் கொடுக்கும்போது உங்கள் வருமானத்தால் இதைத் திருப்பிக் கட்ட முடியுமா என்று யாரும் பார்ப்பதில்லை. கடன் வரலாற்றில் பெரிய கறை இல்லையென்றால் கொடுத்துவிடுவார்கள். 2026 ஜூலையிலிருந்து புதுக் கடனுக்கு வருடம் 20,000 டாலர், ஒரு பிள்ளைக்கு மொத்தம் 65,000 டாலர் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள், அந்த அளவுக்குச் சந்தோஷம். ஆனால் அதே சட்டம், வருமானத்துக்கு ஏற்றபடி தவணையைக் குறைத்துக் கட்டும் வழியைப் புதிதாக வாங்கும் பெற்றோருக்கு அடைத்துவிட்டது. 65,000 வாங்கினால் 20 வருடத் தவணை. உங்களுக்கு இப்போது 58. பாப்பா படித்து முடிக்கும்போது 62. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

அப்பா உங்களைப் படிக்கவைக்க அம்மாவின் வளையலை அடகு வைத்தாரே, நாமும் செய்ய வேண்டாமா என்று கேட்பீர்கள். அந்த வளையல் முழுகித்தான் போனது. அதோடு அந்தக் கடனும் முடிந்தது அண்ணா. அடகுக்கடைக்காரர் அப்பாவின் பென்ஷனில் வந்து கை வைக்கவில்லை.

பாப்பா படிக்க வேண்டாம் என்றா சொல்கிறேன்? அவள் வகுப்பில் முதல் 15 சதவீதத்துக்குள் இருக்கிறாள். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு கவுண்டி கல்லூரியில், அதாவது உள்ளூர் இரண்டு வருடக் கல்லூரியில், படிப்புக் கட்டணத்தைக் கொடுக்க நியூஜெர்சியிலேயே என்ஜே ஸ்டார்ஸ் திட்டம் இருக்கிறது. இரண்டு வருடம் மிடில்செக்ஸ் கல்லூரி, பிறகு நம் மாநிலப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸுக்கு மாற்றல். பட்டத்தில் ரட்கர்ஸ் பெயர்தான் இருக்கும். அதற்கும் மேல் தேவைப்பட்டால் அவள் பெயரிலேயே மத்திய அரசுக் கடன் வாங்கட்டும்: முதல் வருடம் 5,500, இரண்டாம் வருடம் 6,500, பிறகு வருடத்துக்கு 7,500. நாலு வருடமும் முழுதாக வாங்கினாலும் 27,000 தாண்டாது. வேலைக்குப் போகிற பெண்ணால் அதை அடைக்க முடியும். நாளைக்கு அவள் அரசு வேலைக்கோ லாபநோக்கற்ற நிறுவனத்துக்கோ போனால், 120 தவணை கட்டியபின் மிச்சத்தைத் தள்ளுபடி செய்கிற வழியும் 2007 முதல் இருக்கிறது. ஊரில் என்ன சொல்வார்கள், சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள் என்பதை விடுங்கள். 20 வருடத் தவணையை அவர்கள் கட்டப் போவதில்லை.

அந்த அம்மாவுக்காக நானும் மையத்து ஒருங்கிணைப்பாளரும் உட்கார்ந்து படிவம் நிரப்பினோம். பத்து மாதத்தில் ஒன்பது தவணை ஒழுங்காகக் கட்டினால் தவறிய கடன் நிலையிலிருந்து வெளியே வரலாம். வருமானம் குறைவாக இருந்தால் தவணை 5 டாலராகக்கூட இருக்கலாம். அவருக்கு அப்படித்தான் வந்தது. இதுவரை நாலு கட்டியிருக்கிறார். ரசீதுகளை டேஸியின் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து ஒரே உறையில் பத்திரமாக வைத்திருக்கிறார்.

படிவத்தை இந்த வாரம் அனுப்பாமல் வையுங்கள். செவ்வாய்க்கிழமை பத்தரைக்குப் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், என் காரிலேயே போகலாம். உலர் தீவனம் எங்களிடம் இருக்கிறது. டேஸிக்குப் பல் இரண்டு விழுந்துவிட்டதால் கோழி வகை டின் நாலு வேண்டும், வருகிற வழியில் வாங்கி வந்துவிடுங்கள்.

உங்கள் தங்கை