ஒயரை வெட்ட விடாதே, அம்மணி

கரூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே "அப்பா, மீட்டிங்" என்று வைத்துவிடுவாய். அதனால் உன் காரின் பாட்டு செட்டை மாற்றுவது பற்றி எழுதி, பார்சலுக்குள்ளேயே இதையும் வைத்து அனுப்புகிறேன். வேலையில் கை வைக்கும் முன் ஒரு தடவை முழுசாகப் படித்துவிடு.

பெங்களூர் ஜே.சி. ரோட்டில் ஒரு கடைக்காரர் உன்னிடம் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஆறவே இல்லை. "கம்பெனி கப்ளரை வெட்டிட்டு டைரக்டா முறுக்கி விட்டுர்றோம் மேடம், அரை மணி நேர வேலை" என்றாராமே. கப்ளர் என்றால் ஒயர்க் கட்டின் முனையில் செருகுகிற பிளாஸ்டிக் பிளக். அப்பாவிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று நீ திரும்பி வந்தது நல்லதாய்ப் போயிற்று. செட் உன் இஷ்டம். எந்தக் கம்பெனி வேண்டுமானாலும் வாங்கு, என்ன விலைக்கு வேண்டுமானாலும் வாங்கு. வண்டியோடு வந்த ஒயரை மட்டும் ஒருத்தரையும் வெட்ட விடாதே.

செட்டுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த ஒயர்க் கட்டு தனியாக வந்தது இல்லை. பியூஸ் பாக்ஸிலிருந்து டேஷ்போர்டு முழுக்க ஓடும் பெரிய கட்டின் ஒரு கிளை அது. வெட்டி முறுக்கி மேலே கறுப்பு டேப் சுற்றுவார்கள். அன்றைக்குப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். நம் ஊர் வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வண்டிக்குள் ரெண்டு கோடை போனால் டேப்பின் பசை இளகி, கையில் பிசுபிசுவென ஒட்டும். டேப் நகர்ந்து செம்பு வெளியே தெரியும். செட்டைச் சுற்றி இருப்பதோ இரும்புச் சட்டம். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது ஒரு உரசல் போதும்.

பல்பு ஒயர் பாடியில் உரசினால் பியூஸ் போகும், மாற்றிக்கொள்ளலாம். ஸ்பீக்கர் ஒயர் அப்படி இல்லை. நான் தொழிலுக்கு வந்த கேசட் காலத்தில் பல செட்டுகளில் ஸ்பீக்கரின் ஒரு முனை எர்த்தாகவே இருக்கும். பாடி கட்டும் பட்டறையில் பஸ்ஸுக்கு ஸ்பீக்கர் வைக்கும்போது ஒரு ஒயர் மட்டும் இழுத்து, இன்னொன்றைப் பாடியிலேயே ஸ்க்ரூ போட்டு முடித்தது உண்டு. இப்போது வரும் செட்டில் ப்ளஸ், மைனஸ் ரெண்டு ஒயரிலுமே ஐ.சி. (சத்தத்தைக் கூட்டித் தரும் சில்லு) வேலை செய்கிறது. பன்னிரண்டு வோல்ட்டில் கூடுதல் சத்தம் எடுக்க அதுதான் வழி. அதில் எந்த முனை பாடியைத் தொட்டாலும் ஐ.சி.க்கு ஆபத்து. பழைய பழக்கத்தை விடாத ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், அதனால்தான் சொல்கிறேன்.

பார்சலில் ஒரு கப்ளர் ஒயர் வைத்திருக்கிறேன். ஒரு முனை உன் ஐ10-ன் கப்ளரில் க்ளக் என்று உட்காரும். மறு முனை வெறும் ஒயர்தான், கலர் கலராக. நீ வாங்கும் செட்டோடும் இதே மாதிரி ஒரு முனை வெறுமனே விட்ட ஒயர் வரும். ரெண்டையும் உன் மேசையில் வைத்து, கலருக்குக் கலர் ஈயம் வைத்துப் பற்ற வைத்து, ஸ்லீவ் (சூட்டில் சுருங்கி ஒட்டும் குழாய்) போட்டுச் சூடு காட்டு. வண்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு சால்டரிங் செய்யாதே. ஸ்லீவை ஒயரில் நுழைத்துவிட்டு அப்புறம் பற்ற வை. காலேஜ் லேபில் நீ அதை மறந்துவிட்டுத் திட்டு வாங்கிய கதையை உன் அம்மா இன்னும் சொல்கிறாள்.

கலர் எல்லாக் கம்பெனி செட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மஞ்சள் பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் கரண்ட், ஸ்டேஷனையும் மணியையும் நினைவு வைக்க. சிவப்பு, சாவி திருப்பினால் வருவது. கறுப்பு எர்த். வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. அதிலேயே கறுப்புக் கோடு போட்டிருந்தால் அது மைனஸ். நீலம் ஆன்டெனாவுக்கு; சில வண்டிகளில் ஆன்டெனா அடியில் பூஸ்டர் இருக்கும், இந்த ஒயர் கொடுக்காவிட்டால் எஃப்.எம். இரைந்துகொண்டே இருக்கும். இந்தக் கணக்கு செட்டின் ஒயருக்கும் நான் அனுப்பும் கப்ளர் ஒயருக்கும்தான். வண்டியோடு வந்த ஒயரின் கலரை ஒருபோதும் நம்பாதே, அது ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு மாதிரி.

மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து முறுக்கித் தரட்டுமா என்றும் சிலர் கேட்பார்கள். சாவி இல்லாமலும் பாட்டுக் கேட்கலாம் என்று டாக்ஸிக்காரர்கள் விரும்பிச் செய்துகொள்வது. உனக்கு வேண்டாம். சனி, ஞாயிறு வண்டியை எடுக்காமல் விட்டால் திங்கள்கிழமை ஆபீஸுக்குத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

இனி செட். உன் ஆபீஸ் நண்பர் சொல்லும் பெரிய ஆண்ட்ராய்டு திரை எனக்குப் பிடிக்கவில்லை. வயசானவன் பேச்சு என்று நினைக்காதே. நீ பெங்களூரிலிருந்து ஊருக்கு வரும் வழியில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. லாரிகள் பிரேக் பிடிக்காமல் இறங்கி வரும் அந்த இறக்கத்தில், சத்தத்தைக் குறைக்கத் திரையில் எங்கே தொடுவது என்று கண்ணை எடுக்க வேண்டுமா? திருகுகிற குமிழ் உள்ள செட் வாங்கு. ரோட்டைப் பார்த்துக்கொண்டே கை தானாகத் தேடிப் போகும். வழி காட்டுவதற்குத்தான் போன் இருக்கிறதே, ஒரு ஹோல்டர் வாங்கி நிறுத்திக்கொள்.

அட்டைப் பெட்டியில் 50 வாட்ஸ், நாலு சேனல் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அது உச்சத்தில் ஒரு கணம் வருவது. கீழே பொடி எழுத்தில் ஆர்.எம்.எஸ். என்று தேடு, தொடர்ந்து வரும் சக்தி அதுதான். 18, 20, 22 என்று ஏதாவது இருக்கும். தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் வண்டி பேட்டரியில் நாலு ஓம் ஸ்பீக்கருக்கு அதற்கு மேல் ஒரு சேனலில் வராது. ஆர்.எம்.எஸ். என்ற பேச்சே இல்லாத பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடு.

புளூடூத்திலும் ரெண்டு உண்டு. பாட்டு வருவதற்கு ஏ2டிபி, போன் பேசுவதற்கு எச்எஃப்பி. மலிவு செட் சிலவற்றில் முதலாவது மட்டும்தான் இருக்கும்; போன் வந்தால் பாட்டு நின்று, நீ போனைக் கையில் எடுக்க வேண்டி வரும். ரெண்டும் இருக்கிறதா என்று கடையிலேயே உன் போனை ஜோடி சேர்த்து, எனக்கு ஒரு கால் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடு. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம், ஓட்டும்போது போனைக் கையில் வைத்துப் பேசுவதை ஆபத்தான ஓட்டுதலிலேயே சேர்த்துவிட்டது. ஆனாலும் செட் மாட்டிவிட்டோம் என்று ஓட்டும்போதெல்லாம் பேசிக்கொண்டிருக்காதே. நான் கூப்பிட்டாலும் எடுக்காதே. ஓரம் கட்டிவிட்டுக் கூப்பிடு.

வாங்கும் முன் இன்னொன்று. ஜப்பானிலிருந்து வந்த பழைய செட், புதுசு மாதிரி, பாதி விலை என்று யாராவது காட்டினால் கையில் தொடாதே. சாமான் தரமானதுதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த ஊர் செட்டில் எஃப்.எம். 76-ல் தொடங்கி 90-ல் முடிந்துவிடும். புதுசாக இருந்தால் 95 வரை போகும், அவ்வளவுதான். உங்கள் ஊர் ரெயின்போ 101.3-ம் கிடைக்காது, நம் கோடை பண்பலை 100.5-ம் கிடைக்காது. நல்ல செட் வாங்கினாலும் முதல் வேலையாக மெனுவில் எந்த நாடு என்று பார். அமெரிக்காவில் இருந்தால் அது 0.2 விட்டு 0.2 தாவும், அதுவும் ஒற்றைப்படைப் புள்ளியில் மட்டும். 106.3-லிருந்து நேரே 106.5-க்குப் போய்விடும், 106.4-ல் நிற்கவே நிற்காது. அதை மாற்றாமல் செட் ரிப்பேர் என்று கொண்டு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அளவு பற்றிக் கவலை இல்லை. டின் (DIN) என்பது செட்டின் அளவுக்கு வைத்த பெயர். ஒற்றை டின் செட் என்றால் முகப்பு 180 மில்லிமீட்டர் அகலம், 50 உயரம். டபுள் டின் என்றால் உயரம் 100. உலகம் முழுக்க இதுதான் அளவு. கம்பெனி செட் உன் டேஷ்போர்டின் வடிவத்துக்கே வளைத்துச் செய்தது என்பதால், அதை எடுத்த ஓட்டையை மூட ஐ10-க்கு என்று ஃப்ரேம் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். மெல்லிசாக, வளைத்தால் வளைகிற ஃப்ரேமை எடுக்காதே. ரோட்டில் கடகடவென்று அடிக்கும், பாட்டை விட அது சத்தமாகக் கேட்கும்.

மாட்டும் நாள், வண்டி ஆறியிருக்கும் காலை நேரமாகப் பார்த்துக்கொள். சாவியை எடுத்துவிட்டு, 10-ஆம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் மைனஸைக் கழற்றி ஓரமாகத் தள்ளி வை. நடு பேனல் கிளிப்பில் நிற்பது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் கீறல் விழும், பார்சலில் உள்ள பிளாஸ்டிக் பட்டையை வைத்துக் கீழிருந்து மெதுவாக நெம்பு. வந்தவுடன் வெடுக்கென்று இழுக்காதே, பின்னால் சுவிட்ச் ஒயர்கள் இருக்கும். உள்ளே எங்காவது மஞ்சள் நிறக் கப்ளர் கண்ணில் பட்டால் அது ஏர்பேக்குடையது, அந்தப் பக்கம் கையே போகக் கூடாது. ஆன்டெனாவைப் பிடுங்கும்போது ஒயரைப் பிடித்து இழுக்காமல் பின்னையே பிடித்து இழு.

செட்டை மாட்டும் முன் ஒரு சோதனை. நீ பற்ற வைத்த ஒயரின் ஒரு முனையை வண்டிக் கப்ளரில் செருகு, செட் முனை சும்மா இருக்கட்டும். டார்ச்சுக்குப் போடும் 1.5 வோல்ட் செல் ஒன்றை எடுத்து, அதன் ப்ளஸ்ஸைச் சாம்பல் ஒயரின் பின்னிலும் மைனஸைக் கறுப்புக் கோடு போட்ட சாம்பலிலும் ஒரு நொடி தொட்டு எடு. முன் வலது கதவில் "டப்" என்று கேட்கும். உன் அறைத் தோழியைக் கதவு ஜாலி வழியாக டார்ச் அடித்துப் பார்க்கச் சொல். நீ தொடும்போது ஸ்பீக்கர் தாள் வெளிப்பக்கம் தள்ளினால் சரி. உள்ளே போனால் ப்ளஸ், மைனஸ் மாறியிருக்கிறது. நாலு ஸ்பீக்கருக்கும் இப்படியே பார். ஒன்று மட்டும் தலைகீழாக இருந்தால் பாட்டு வரும், தவில் அடி மட்டும் காணாமல் போயிருக்கும். ஒரு ஸ்பீக்கர் தள்ளும்போது இன்னொன்று இழுத்துக்கொண்டால் பேஸ் எங்கிருந்து வரும்? செல் மட்டும்தான் இந்த வேலைக்கு. வண்டி பேட்டரியைத் தொட்டுப் பார்த்துவிடாதே, ஸ்பீக்கர் கருகிவிடும்.

அடுத்து பேட்டரி மைனஸைப் போட்டு, கரண்ட் வருகிறதா என்று காட்டும் டெஸ்ட் லேம்ப்பை வை. மஞ்சளில் வைத்தால் சாவி இல்லாதபோதே லேம்ப் எரிய வேண்டும். சிவப்பில் வைத்தால் சாவியின் முதல் திருப்பத்தில் எரிந்து, சாவியை எடுத்ததும் அணைய வேண்டும். சரியாக இருந்தால் மறுபடி மைனஸைக் கழற்றிவிட்டுச் செட்டைச் செருகு. நீ அனுப்பிய போட்டோவில் ஸ்டீயரிங்கில் பட்டன் இல்லை, அந்தத் தலைவலி மிச்சம். வண்டியில் இருக்கும் யு.எஸ்.பி. துளை பழைய செட்டுக்குச் சொந்தம்; புதுச் செட்டுக்கு அதை எடுத்துக்கொள்ளத் தனி ஒயர் வேண்டும். போன் பாட்டே போதும் என்றால் விட்டுவிடு.

மைக் ஒயரைக் கதவு ரப்பருக்கு உள்ளே அழுத்தி மேலே கொண்டுபோய், வெயில் தடுப்பு அட்டைக்குப் பக்கத்தில் குத்து. ஏ.சி. காற்று வரும் இடத்தில் வைத்தால் எதிரில் பேசுகிறவருக்குப் புயல் அடிப்பது போலக் கேட்கும். பேனலை மூடும் முன் நாலு மூலையும் தனித்தனியாகப் பாடுகிறதா பார். இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலேட்டர் மிதி. மிதிக்க மிதிக்க "ஙொய்ய்ய்" என்று ஒரு சத்தம் ஏறினால் முதலில் எர்த்தைச் சந்தேகப்படு.

போனில் இருக்கும் நம்பர் எல்லாம் செட்டுக்குள்ளும் ஏறிவிடும். வண்டியைச் சர்வீஸுக்கு விடுகிறாய், விற்கிறாய் என்றால் அழித்துவிட்டுக் கொடு. பழைய செட்டைத் துணியில் சுற்றிப் பரணில் போடு, தூக்கி எறியாதே, யாருக்கும் தராதே. வண்டியை விற்கும் அன்றைக்கு அதைத் திரும்பச் செருகிவிட்டுப் புதுசை நீ எடுத்துக்கொள்ளலாம். ஒயரை வெட்டாமல் இருந்தால்தான் அது நடக்கும்.

செய்ய நேரம் இல்லை என்றால் கடையிலேயே கொடு, தப்பில்லை. ஆனால் இந்தக் கப்ளர் ஒயரைக் கையோடு கொண்டுபோய், "கப்ளர் டு கப்ளர் மட்டும்தான், கட்டிங் கூடாது" என்று முதலிலேயே சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நில். முகம் சுளித்தால் வேறு கடைக்குப் போ, அந்த ரோட்டில் கடைக்கா பஞ்சம்.

பார்சலில் கப்ளர் ஒயர், ஸ்லீவ், டெஸ்ட் லேம்ப், நெம்பும் பட்டை, ரெண்டு செல். மேலே பேப்பரில் சுற்றியிருப்பது முருங்கைக்காய், வந்தவுடன் அதை முதலில் எடுத்து வை. டெஸ்ட் லேம்ப் பட்டறையுடையது, பொங்கலுக்கு வரும்போது கொண்டு வா. பேனலை மூடும் முன் பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, நான் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அப்புறம் மூடலாம்.

அன்புடன்,
அப்பா