செத்த மாட்டுக்கு என்ன சாட்சி?

அன்பு நண்பா,

அமெரிக்காவின் டெக்சாஸில் காட்டுத்தீயில் மாடு செத்தால் அரசே பணம் கொடுக்கிறதாமே என்று கேட்டிருந்தாய். கொடுக்கிறது. ஆனால் எவ்வளவு கைக்கு வரும் என்பது, தீ அணைந்த முதல் வாரத்தில் ராஞ்சுக்காரர் (பெரிய மாட்டுப் பண்ணை வைத்திருப்பவர்) என்ன செய்தார் என்பதில் இருக்கிறது.

2024 பிப்ரவரி 26 அன்று ஹட்சின்சன் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போன்றது) பிடித்த ஸ்மோக்ஹவுஸ் க்ரீக் தீ 10 லட்சம் ஏக்கருக்கு மேல் பொசுக்கியது. இப்படிச் சாகும் மாட்டுக்கு 'எல்ஐபி' என்ற கால்நடை இழப்பீட்டுத் திட்டம். அந்தந்த வகை மாட்டின் சராசரிச் சந்தை விலையில் 75 விழுக்காடு. கவுண்டியில் உள்ள எஃப்எஸ்ஏ (மத்திய வேளாண் துறையின் பிரிவு) அலுவலகத்தில், அடுத்த ஆண்டு மார்ச் 1க்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

எத்தனை செத்ததோ அத்தனைக்கும் கொடுப்பதில்லை. வழக்கமாகவே ஆண்டுக்கு இத்தனை மாடு சாகும் என்று ஒரு விகிதம் வைத்திருக்கிறார்கள். அது 1.5 விழுக்காடு என்று வைத்துக்கொள். 200 பசுவில் 40 போனால், 200க்கு 3 கழித்து 37க்குத்தான் பணம். அதனால் செத்தது எத்தனை என்பதோடு, தீக்கு முந்தின நாள் இருந்தது எத்தனை என்றும் காட்டியாக வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். வாங்கின ரசீது, தடுப்பூசிப் பதிவு, வங்கிக் கடன் தாள், வரிக்கணக்கு எல்லாம் வீட்டோடு எரிந்திருந்தால், கால்நடை மருத்துவரிடமும் வங்கியிடமும் நகல் வாங்க வேண்டியதுதான். நம்மூர்க் காப்பீட்டில் மாட்டின் காதில் குத்தும் அடையாள வில்லை இல்லையென்றால் பேச்சே கிடையாது. இங்கே வில்லைக்குப் பதில் இந்தக் காகிதங்கள்.

நாற்றம் தாங்காமல் சடலங்களை உடனே குழியில் தள்ளிவிடுவதும் உண்டு. தள்ளுமுன் தேதியோடு படம் எடுக்க வேண்டும். பசு, காளை, கன்று என்று பிரித்து எண்ண வேண்டும். கன்றுக்கு எடையைப் பொறுத்துத் தொகை மாறும். 250 பவுண்டுக்குக் குறைந்தது ஒரு வகை, அதற்கு மேல் வேறு வகை. வேறு சான்றே இல்லாவிட்டால் நேரில் அறிந்த மூன்றாம் ஆள் எழுதித் தரலாம். வேலையாளும் வீட்டாரும் எழுதித் தந்தால் செல்லாது.

தப்பித்த மாடுகளின் கதை இன்னும் மோசம். காம்பு வெந்த பசு கன்றைக் கிட்டவே விடாது. குளம்பு சில நாள் கழித்துத்தான் கழன்று விழும். மாடு பிழைத்தது என்று கணக்கை மூடிவிட்டு, பிறகு சாகும்போது மருத்துவரின் தாள் இல்லாமல் திண்டாடுவார்கள்.

எரிந்த மேய்ச்சலுக்குப் பணம் எல்ஐபியில் வராது. வறட்சியில் மேய்ச்சல் இழந்தவர்களுக்கான 'எல்எஃப்பி' திட்டமும் தீ விஷயத்தில் மத்திய அரசு நிலத்தில் மேய்க்க முடியாமல் போனவர்களுக்கு மட்டும்தான். சொந்தப் புல்வெளி எரிந்தால் 'ஈலாப்' என்ற இன்னொரு அவசர உதவித் திட்டத்தில் கேட்க வேண்டும். அலுவலகம் ஒன்றே, படிவம் வேறு.

எரிந்த வேலியைத் திரும்பப் போட 'ஈசிபி' என்ற திட்டம், செலவில் 75 விழுக்காடு வரை. மரத்தாலான மூலைக் கம்பங்கள் எரிந்துபோகும், இரும்புக் கம்பம் நிற்கும். முள்கம்பி பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் சூட்டில் துத்தநாகப் பூச்சு போயிருக்கும், இழுத்துக் கட்டினால் பட்டென்று அறும். அதையும் சேர்த்தே இழப்பில் காட்ட வேண்டும். அலுவலர் வந்து பார்க்குமுன் வேலையைத் தொடங்கினால் பணம் சிக்கலாகும். மாடு சாலைக்கு ஓடும்போது ராஞ்சுக்காரரைக் காத்திருக்கச் சொல்வது எனக்கே நியாயமாகப் படவில்லை. முதலில் ஒரு போன் போட்டு அனுமதி கேட்டுவிட்டுத் தொடங்குவதே வழி.

உங்கள் பக்கம் காது வில்லை அறுந்து விழுந்தால் புதியது போட எவ்வளவு நாளாகிறது? எழுது.

அன்புடன்,
உன் நண்பன்