பின்மூடியைக் கழற்றினால் எல்லாம் எல்சிடிதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் எந்த டி.வி. வாங்கலாம் என்று ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். எல்சிடி பழசு, எல்இடி புதுசு, க்யூஎல்இடி அதைவிடப் புதுசு என்று மூன்றையும் வேறு வேறு பொருளாக எழுதியிருந்தார்கள். நான் அருப்புக்கோட்டையில் 30 வருஷமாக டி.வி. பழுது பார்க்கிறவன், அதைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. பின்மூடியைக் கழற்றினால் மூன்றிலும் இருப்பது எல்சிடி கண்ணாடிதான். அதற்குத் தானாக ஒளிரத் தெரியாது, பின்னால் இருந்து ஒரு வெளிச்சம் வேண்டும். முன்பு மெல்லிய டியூப் லைட் மாதிரி விளக்குகள் வைத்தார்கள், அப்புறம் எல்இடி பட்டை வந்தது, கடைக்காரர்கள் அதையே டி.வி.க்குப் பேராக வைத்துவிட்டார்கள். க்யூஎல்இடி என்பதும் அதே எல்இடி வெளிச்சத்தின் முன்னால் நிறத்தைச் சுத்தமாக்கும் ஒரு படலம் சேர்த்ததுதான். நிறம் உண்மையிலேயே நன்றாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஓஎல்இடிக்கு ஒரு எழுத்து பக்கத்தில் இருக்கும் இந்தப் பேரைப் பார்த்துவிட்டு இரண்டும் ஒன்று என்று நினைத்துப் பணம் கட்டியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஓஎல்இடி மட்டும்தான் நிஜமாகவே வேறு வகை. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தானே அணையும். இருட்டான காட்சியில் கறுப்பு கறுப்பாகவே இருக்கும், எல்சிடியில் வருகிற மாதிரி சாம்பல் பூக்காது. பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. படத்தின் தரத்தை மட்டும் கேட்டால் இன்றைக்கு அதற்கு மேலே ஒன்றைச் சொல்ல மாட்டேன். ஆனாலும் நம் ஊரில் கேட்பவர்களிடம் இரண்டு தடவை யோசிக்கச் சொல்கிறேன். காரணம், காலை ஆறு மணிக்குச் செய்தி சேனலைப் போட்டால் ராத்திரி வரை அதே சேனல் ஓடுகிற வீடுகள் இங்கே ஏராளம். மூலையில் நிற்கும் சேனல் முத்திரையும் கீழே ஓடும் பட்டையும் ஓஎல்இடியில் நாளடைவில் தழும்பாகப் பதிந்துவிடும். அந்தத் தேய்மானத்தைச் சரிக்கட்ட ஒரு ஏற்பாடு டி.வி.க்குள்ளேயே உண்டு, ரிமோட்டில் அணைத்த பிறகு ஸ்டாண்ட்பையில் இருக்கும்போது அது தானாக ஓடும். நம் வீடுகளில் படுக்கப் போகும்முன் சுவரில் மெயின் சுவிட்சையே அணைத்துவிடுகிறோமே, அப்புறம் அது எப்படி ஓடும்? விற்கும்போது இதை யாராவது சொல்கிறார்களா?

முன்பு எல்சிடிக்குப் போட்டியாக இருந்த பிளாஸ்மா டி.வி.யை இன்னும் விசாரிப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால் ஒரு வார்த்தை. வேகமான காட்சியிலும் கறுப்பிலும் அந்தக் காலத்து எல்சிடியை அது ஓரங்கட்டியது. ஆனால் கனம், சூடு, கரண்ட் எல்லாம் அதிகம், பதிந்துபோகும் தொல்லையும் உண்டு. 2014 முடிவதற்குள் பெரிய கம்பெனிகள் எல்லாம் கைகழுவிவிட்டன. ஸ்பேர் கிடைக்காது, பழசு மலிவாக வந்தாலும் வாங்காதீர்கள்.

சரி, நம்மில் பெரும்பாலோர் வாங்கப்போவது எல்சிடிதான். அதற்குள் ஐபிஎஸ், விஏ என்று பேனலில், அதாவது படம் காட்டும் அந்தக் கண்ணாடியில், இரண்டு வகை உண்டு, இந்த இரண்டு பெயரும் அட்டைப்பெட்டியில் அநேகமாக இருக்காது. விஏ பேனலில் நேர் எதிரே உட்கார்ந்தால் கறுப்பு ஆழமாக, படம் அழுத்தமாக இருக்கும், கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்தால் வெளுத்துவிடும். ஐபிஎஸ்ஸில் எங்கிருந்து பார்த்தாலும் நிறம் நிற்கும், ஆனால் விளக்கை அணைத்துப் பார்த்தால் கறுப்பு சாம்பலாகத் தெரியும். பாட்டி கட்டிலில், பிள்ளைகள் தரையில், மற்றவர்கள் அடுப்படி வாசலில் என்று ஆளுக்கொரு மூலையில் இருந்து பார்க்கிற ஹாலுக்கு ஐபிஎஸ்தான் சரி. ராத்திரி இருட்டில் ஒன்றிரண்டு பேர் நேராக உட்கார்ந்து சினிமா பார்க்கிற வீட்டுக்கு விஏ. கடையில் டி.வி.யின் பக்கவாட்டில் போய் நின்று பாருங்கள், எது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அப்புறம் இந்த 4கே. சாதா எச்டியில் சுமார் 10 லட்சம் புள்ளிகள், ஃபுல் எச்டியில் 20 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல், 4கேயில் ஏறக்குறைய 83 லட்சம். எண்ணிக்கை பெரிதுதான், கண்ணுக்கு எட்ட வேண்டுமே? 43 இன்ச் ஃபுல் எச்டியில் ஒரு புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர். நல்ல பார்வை உள்ளவருக்கே ஐந்தரை அடிக்கு மேல் தள்ளி உட்கார்ந்தால் புள்ளி பிரிந்து தெரியாது. 55 இன்ச்சுக்கு அந்தத் தூரம் ஏழடி. பத்தடி தள்ளி நாற்காலி போட்டுவிட்டு 43 இன்ச்சில் 4கேக்காகவே கூடுதலாகக் கொடுக்கிற காசுக்குப் படத்தில் ஒன்றும் தெரியாது. அதிலும் பாதி வீடுகளில் உள்ளே வருவது சாதாரண கேபிள் பாக்ஸ் சிக்னல், 720-க்கு 576 புள்ளிதான். அதை இழுத்து 83 லட்சம் புள்ளியில் பரப்பினால் முகமெல்லாம் மெழுகு பூசினாற்போல் ஆகிவிடும். 2006-க்கு அப்புறம் அரசு கொடுத்த 14 இன்ச் இலவச டி.வி.யில் இதே சேனல் பளிச்சென்று இருந்ததே என்று பெரியவர்கள் கேட்கும்போது அவர்கள் சொல்வது சரிதான். அந்தச் சிக்னல் அந்த அளவு டி.வி.க்கு ஏற்றது. புது டி.வி. வாங்கினால் முதலில் எச்டி பாக்ஸுக்கு மாறுங்கள்.

என்னை எழுத வைத்த இன்னொரு விஷயம், பெட்டியில் போடும் 'சப்போர்ட்' என்ற சொல். போன மாதம் நூல் மில்லில் வேலை பார்க்கும் ஒரு அம்மா, சீட்டு எடுத்த பணத்தில் வாங்கிய 40 இன்ச் டி.வி.யை ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தார். அட்டையில் 'ஃபுல் எச்டி சப்போர்ட்' என்று கொட்டை எழுத்து, படம் மட்டும் தெளிவில்லை என்றார். பிரித்து பேனல் நம்பரைப் பார்த்தால் 1366-க்கு 768. ஃபுல் எச்டி சிக்னலை வாங்கிக்கொள்ளும், காட்டுவது பாதிதான். வெளிச்சமும் இருட்டும் கூடுதல் வித்தியாசத்தோடு தெரியும் படத்துக்கு எச்டிஆர் என்று பேர், அதைப் பெட்டியில் போடுவதும் இந்தக் கதைதான், அந்தச் சிக்னலை ஏற்றுக்கொண்டாலும் அதற்குத் தேவையான வெளிச்சம் மலிவான டி.வி.யில் இருக்காது. பழுது என்றால் சரிசெய்து கொடுத்திருப்பேன். இதற்கு அந்த அம்மாவுக்கு நான் என்ன செய்ய முடியும்?

பழுதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சத்தம் வருகிறது, படம் இல்லை என்றால் பதறாதீர்கள். விளக்கை அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சைத் திரையில் ஒட்டிப் பிடியுங்கள், மங்கலாகப் படம் தெரிந்தால் பெரும்பாலும் போனது பேக்லைட் பட்டை, அதாவது பின்னால் வெளிச்சம் தரும் அந்த எல்இடி பட்டை. அது கையைக் கடிக்காத செலவு. பேனல் போனால்தான் கஷ்டம், புது டி.வி. விலையில் பாதிக்கு மேல் கேட்கும். ஆயுத பூஜை முடிந்த வாரம் எங்களிடம் கோடு விழுந்த டி.வி.கள் வரிசையாக வரும். ஈரத்துணியைப் பிழியாமல் துடைத்து, கீழ் ஓரத்தில் நீர் இறங்கி, கண்ணாடியோடு ஒட்டியிருக்கும் சிக்னல் பட்டைகள் கெட்டிருக்கும். காய்ந்த மென்துணி போதும். அதோடு கடையில் வைத்திருந்த முழு வெளிச்சத்திலேயே வீட்டிலும் ஓட்டாதீர்கள், பேக்லைட்டைக் குறைத்து வைத்தால் பட்டை கூடுதல் காலம் உழைக்கும்.

2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டி.வி.களுக்கும் ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. அதுவரை யோசித்துக்கொண்டிருந்த குடும்பங்களும் பெரிய திரைக்குப் போகிறார்கள், போகட்டும், சந்தோஷம்தான். உங்கள் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் கொடுப்பவர்களிடம், திரையின் உண்மையான புள்ளி எண்ணிக்கை, பேனல் வகை இரண்டையும் விலைக்குப் பக்கத்திலேயே அச்சடிக்கச் சொல்லுங்கள். அந்த ஞாயிறு கட்டுரைக்கும் ஒரு திருத்தம் போடுங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு நிருபரை அனுப்புங்கள், கடையில் எல்சிடி, எல்இடி, க்யூஎல்இடி மூன்றும் பிரித்த நிலையில் இருக்கின்றன, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
டி.வி. மெக்கானிக் ஒருவர்,
அருப்புக்கோட்டை.