இறக்கிக் கட்டிய வேட்டி

மூலனூர்
ஐப்பசி 9

கண்ணு,

போனில் இரண்டு நிமிஷத்துக்கு மேல் நீ பேசுவதில்லை. "நல்லா இருக்கேன்ப்பா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். இதையும் நீ பாதியில் வைத்துவிடலாம், ஆனால் வைத்தது எனக்குத் தெரியாது பார், அது ஒரு நிம்மதி.

இங்கே காடு முழுக்கப் பூ. இந்த வருஷம் கண்வலிக்கிழங்கு நன்றாக வந்திருக்கிறது. விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை மகரந்தம் தொட்டுவிடும் வேலைதான். ஆள் கிடைப்பதில்லை. நேற்று நாலு பேர் வருவதாகச் சொல்லி இரண்டு பேர் வந்தார்கள். உன் அம்மா நாலு வரிசை தொட்டாள், "கண்ணு தெரியல, எந்தப் பூவ விட்டேன்னு தெரியல" என்று முனகிக்கொண்டே. விதை விலை என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு வருஷம் தூக்கிவிடும், மறுவருஷம் கவிழ்த்துவிடும். நீ போட்டுக் கொடுத்த போர் மட்டும் நின்று தண்ணீர் கொடுக்கிறது. கிழக்குப் பக்கத்துக்காரர் அதைக் கேட்காத நாளில்லை. "பையன் போட்டுக் கொடுத்தான்" என்று சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் குரல் கூடிவிடுகிறது, அம்மா கிண்டல் செய்கிறாள்.

சரி. ஆவணியில் காதுகுத்துக்கு வந்தாயே, அதைப் பற்றி.

நீ செருப்போடு வந்தாய். கேட்டதற்கு ஷூ கடித்துவிட்டது என்றாய். கோயில் படியில் ஒரு படிக்கு இரண்டு காலும் வைத்து இறங்கினாய். பந்தியில் கீழே உட்காராமல், பெரியவர்களுக்குப் போட்ட நாற்காலியில் போய் உட்கார்ந்தாய். 36 வயதில். உன் சின்ன மாமா கூட, "என்னடா மாப்பிள்ளை, வயசாயிருச்சா" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ராத்திரி நீ திண்ணையில் படுத்திருந்தபோது டார்ச் அடித்துப் பார்த்தேன். கோபித்துக்கொள்ளாதே. வலது கால் பெருவிரல் மூட்டு, மினுமினுவென்று சிவந்து, தோல் இழுத்துக் கட்டியது மாதிரி. போர்வையை அந்தக் காலுக்கு மட்டும் போடாமல் ஒதுக்கி வைத்திருந்தாய். ஷூ கடித்தால் தோல் உரியும், மூட்டு அப்படிப் பளபளக்காது. கவுட் என்கிற மூட்டு நோயின் பளபளப்பு அது, எனக்கு 24 வருஷமாகத் தெரியும்.

இரண்டு மாதமாக நீயே சொல்வாய் என்று காத்திருந்தேன். போன வாரம் மருமகள்தான் அம்மாவிடம் வாய்விட்டாள். இரண்டு தடவை ஊசி போட்டுக்கொண்டாயாம், ரத்தம் பார்த்ததில் யூரிக் ஆசிட் 6.4 தானாம், நார்மல் என்று போட்டிருக்கிறதாம், அதனால் ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டாயாம். அவளைத் திட்டாதே. அவள் சொல்லாமல் இருந்திருந்தால்தான் நான் திட்டியிருப்பேன்.

வலி உச்சத்தில் இருக்கும்போது எடுக்கிற ரத்தத்தில் அந்த அளவு குறைந்து காட்டும், கண்ணு. எனக்கும் அப்படித்தான் முதலில் காட்டியது, நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். வலி எல்லாம் அடங்கி இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். கட்டாயம் எடு. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினினும் சேர்த்து எடு. தண்ணீர் நிறையக் குடி.

எனக்குக் கோயம்புத்தூர் டாக்டர் சொன்னதை நம் பாஷையில் சொல்கிறேன். நம் போர்த் தண்ணி உப்புத் தண்ணி. சொட்டுநீர்க் குழாயில் ஓடும்போது உப்பு கண்ணுக்குத் தெரியாது. நாள்பட நாள்பட ஒவ்வொரு துளையிலும் வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்கிறது அல்லவா, அதேதான். ரத்தத்தில் யூரிக் ஆசிட் 6.8 வரைக்கும்தான் கரைந்து நிற்குமாம். அதைத் தாண்டினால் மூட்டுக்குள் ஊசி ஊசியாகப் படிய ஆரம்பிக்கும். படிகிற காலம் முழுக்க வலியே இருக்காது. என்றைக்கோ ஒரு நாள் உடம்பு அந்த ஊசிகளைப் பார்த்து எதிரி என்று பாயும். அந்த நாள்தான் உனக்குத் தெரிகிற நாள். வாரம் பத்து நாளில் வலி தானாகவே போய்விடும், உப்பு போகாது. அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். ஊசி போட்டதும் சரியாகிவிட்டது என்று நீ நினைப்பது, துளை அடைத்த குழாயின் வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு வருவது மாதிரி.

அதனால் 6-க்குக் கீழே கொண்டுவந்து அங்கேயே வைத்திருக்க வேண்டும், ஒரு மாதம் இரண்டு மாதம் இல்லை, வருஷக்கணக்கில். அப்போதுதான் படிந்தது மெல்லக் கரையும். எனக்கு அந்த உப்பே கட்டியாக விழுந்துவிட்டதால் 5-க்குக் கீழே இருக்க வேண்டும் என்றார். போன மாதம் 4.8. முழங்கையில் இருந்த கட்டி, ஒரு தடவை உடைந்து சுண்ணாம்பு மாதிரி வந்ததே, அது இப்போது புளியங்கொட்டை அளவுக்கு வற்றியிருக்கிறது. நீ வந்தபோது காட்டியிருக்கலாம். முழுக்கைச் சட்டை போட்டிருந்தேன்.

அலோபுரினால் என்று ஒரு மாத்திரை. நூறு மில்லிகிராமில் ஆரம்பித்து, ரத்தம் பார்த்துப் பார்த்துக் கூட்டுவார்கள். என்னைப் போல சிறுநீரகம் கெட்டவனுக்கு இன்னும் குறைவாக ஆரம்பிப்பார்கள். இதில் ஒரு கூத்து உண்டு, அதை நன்றாகக் கேள். மாத்திரை ஆரம்பித்த முதல் சில மாதங்களில் வலி மறுபடி வரும், சில சமயம் முன்னைவிட அதிகமாகவே வரும். குழாய்க்கு ஆசிட் விட்டால் உப்பு பொத்துக்கொண்டு வந்து, நன்றாக இருந்த துளையையும் அடைக்கும், கடைசி மூடியைத் திறந்து ஓடவிட்ட பிறகுதானே சரியாகும்? அது மாதிரி. எனக்கு 2013-லேயே இந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் கணுக்கால் வீங்கியது. மாத்திரைதான் ஆகவில்லை என்று நானே முடிவு செய்து தூக்கிப் போட்டுவிட்டேன். எட்டு வருஷம் போச்சு. நீ அப்படி நிறுத்தாதே. வலி வந்தாலும் அதைத் தொடர வேண்டும். உடம்பில் தடிப்பு, அரிப்பு, வாய்ப்புண் என்று வந்தால் மட்டும் அன்றைக்கே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடு. அது வேறு விஷயம், அதில் விளையாடக் கூடாது.

அந்த முதல் மாதங்களில் வலி வராமல் இருக்கக் கூடவே இன்னொரு மாத்திரை கொடுப்பார்கள். கோல்சிசின். டாக்டர் அந்தப் பெயரைச் சொன்னதும் நான் சிரித்துவிட்டேன், அவர் ஒரு மாதிரி பார்த்தார். நம் காட்டு விதையில் எடுக்கிற சாமான் அது, கண்ணு. வியாபாரி மூட்டை கட்டிக்கொண்டு போவது இதற்குத்தான். நீ கல்லூரி முடித்தது இந்த விதைக் காசில். இத்தனை வருஷம் மூட்டை மூட்டையாக விற்றுவிட்டு, அரை மில்லிகிராம் மாத்திரையாக மருந்துக்கடையில் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தேன். வரும் வழியில் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

அதற்காக யாராவது, "உங்க காட்டுலயே இருக்குதே, நாலு விதைய அரைச்சுக் குடிச்சா என்ன" என்று கேட்டால் உதைக்கத் தோன்றும். அந்தக் கிழங்கைத் தின்று போனவர்கள் எத்தனை பேர் என்று உனக்கே தெரியும், கிணற்று வீட்டுக்காரர் உட்பட. மாத்திரையாக வந்தாலும் அளவு மீறினால் விஷம்தான். வேறு மருந்து ஏதாவது, ஆன்டிபயாட்டிக் உட்பட, சாப்பிட்டால் டாக்டரிடம் இதையும் சாப்பிடுகிறேன் என்று சொல்ல வேண்டும். உனக்குப் பி.பி. மாத்திரை உண்டா? இருந்தால் அதையும் சொல். நீர் பிரிய வைக்கும் மருந்து கலந்தது என்றால் யூரிக் ஆசிட்டைக் கூட்டும். எனக்கு அதை மாற்றிக் கொடுத்தார்கள்.

அம்மா பருப்பையும் தக்காளியையும் நிறுத்தச் சொல்லி எழுதச் சொல்கிறாள். எழுதிவிட்டேன் என்று சொல்லிவிடுகிறேன், நீ நிறுத்த வேண்டாம். பருப்பும் கீரையும் இதற்குப் பெரிய குற்றவாளி இல்லை. ஆட்டுக்கறி, அதிலும் ஈரல், குடல், அப்புறம் நெத்திலி, மத்தி, இவற்றைக் குறைக்க வேண்டும். கிடாய் விருந்துக்கு அடுத்த நாள்தானே உனக்குக் கால் அப்படி ஆனது. மோர் நல்லது. பாட்டிலில் வருகிற இனிப்புத் தண்ணீர் ஆகவே ஆகாது. எடை குறைக்கிறேன் என்று ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தியிருக்கிறாயாம், திடீரென்று பட்டினி கிடந்தாலும் இது வரும். மெதுவாகக் குறை. ஆனால் வாயைக் கட்டினால் மட்டும் போய்விடும் என்று நினைக்காதே. பெரும்பகுதி உடம்பு தானே உண்டாக்குவது, சிறுநீரகம் போதுமான அளவு வெளியே தள்ளாமல் விடுவது. தண்ணீர் நிறையக் குடி. தண்ணீர் என்றால் தண்ணீர்.

இந்த வரியை எழுதிவிட்டு அரை மணி நேரம் வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன்.

உன்னிடம் அதைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. அதனால் என் கதையைச் சொல்கிறேன்.

நீ ஏழாம் வகுப்பு படித்த வருஷம், 2001. எனக்கு முதன்முதலில் வந்தது அன்றைக்கு. ராத்திரி இரண்டு மணிக்கு யாரோ விரலைக் கட்டிங் பிளேயரால் பிடித்துத் திருகுவது மாதிரி எழுந்தேன். காலையில் எல்லோரிடமும் காட்டில் முள் ஏறிவிட்டது என்றேன். வேட்டியை இறக்கிக் கட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து இறக்கியேதான் கட்டுகிறேன், ஊரில் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டார்கள். முந்தின நாள் வியாபாரியோடு தாராபுரம் போயிருந்தேன். விதை எடை போட்ட நாள். பீர் குளிர்ச்சி என்று ஒரு பேச்சு உண்டே, அந்தக் குளிர்ச்சியை நான் வாரம் இரண்டு நாள் குடித்தேன். பிறகு மோட்டார் ரூமிலேயே வைத்துக் குடித்தேன். நீ அங்கே பாட்டிலைப் பார்த்தாய். நீ பார்த்ததை நான் பார்த்தேன். இரண்டு பேரும் இன்று வரைக்கும் அதைப் பேசவில்லை.

உன்னைத்தான் சைக்கிளில் மருந்துக்கடைக்கு அனுப்பினேன். துண்டுச் சீட்டில் வலி மாத்திரை பெயர். மீதிச் சில்லறையை நீயே வைத்துக்கொள், அம்மாவிடம் சொல்லாதே என்றேன். நீ சொல்லவில்லை. அட்டையைக் கொண்டுவந்து, நான் சொல்லாமலே, தீவனத் தொட்டிக்குப் பின்னால் சொருகிவைத்தாய். எவ்வளவு சமர்த்து என்று நான் சந்தோஷப்பட்டேன். 12 வயதுப் பையனிடம்.

ஆண்டுக்கணக்கில் அந்த வலி மாத்திரையிலும் ஊசியிலும் ஓட்டினேன். அது மூட்டை ஏமாற்றியது, சிறுநீரகத்தைத் தின்றது. கிரியாட்டினின் 2.3 என்று வந்தபோது அம்மாவிடம் சர்க்கரை என்று பொய் சொன்னேன். குடிகாரன் நோய் என்று பேர் வந்துவிடும் என்ற பயம். அதுவும் முட்டாள்தனம். என் அப்பா, உன் அப்பாரு, ஒரு சொட்டுத் தொட்டதில்லை, அவர் காது மடலில் மூன்று கட்டி இருந்ததே, நீ கூடச் சின்ன வயதில் தடவிப் பார்த்து, "அப்பாரு, கடுக்கன் உள்ளே போயிருச்சா" என்று கேட்டாயே. அதுதான் இது. ரத்தத்தில் வருவது. குடித்தால் கூடும், குடிக்காதவனுக்கும் வரும். ஆகவே உனக்கு வந்திருக்கிறது என்றால் நான் எதையும் கண்டுபிடித்துவிட்டதாக நினைக்கவில்லை. நீ எதையும் சொல்ல வேண்டியதும் இல்லை. டாக்டரிடம் மட்டும் சொல். அவரிடம் குறைத்துச் சொல்லாதே, நான் குறைத்துத்தான் சொன்னேன்.

ஷூ கடித்துவிட்டது என்று நீ சொன்ன விதம் இருக்கிறதே, முள் ஏறிவிட்டது என்று நான் சொன்ன அதே குரல். அதுதான் என்னை இரண்டு மாதமாகத் தூங்கவிடவில்லை.

காட்டில் பூ முடிய இன்னும் மூன்று வாரம் ஆகும். அதற்கப்புறம் ஒரு நாள் பெங்களூர் வருகிறேன். பாப்பாவுக்கு முறுக்கு சுட வேண்டும் என்கிறாள் அம்மா. முருங்கைக்காய் கொண்டுவரவா, அங்கே கிடைக்கிறதா? வரும்போது அரைக்கைச் சட்டைதான் போட்டுக்கொண்டு வருவேன், கட்டியைப் பார்த்துக்கொள்.

அதற்குள் ரத்தம் எடுத்துவிடு. ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

இல்லை. அம்மா போனுக்கே அனுப்பு. அவள் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து என்னைப் படித்துக் காட்டச் சொல்வாள். படித்துக் காட்டுகிறேன்.

அப்பா